விலங்கு நடத்தையியலுக்குச் செய்முறை நேரம் ஒதுக்குக: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் விலங்கியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இளநிலை வகுப்பில் நான் நடத்தும் தாளில் விலங்கு நடத்தையியல் கடைசி அலகாக இருக்கிறது. விலங்கு நடத்தை ஆய்வாளர்களான லோரென்ஸ், டின்பெர்கன், ஃபான் ஃபிரிஷ் ஆகியோர் 1973இல் நோபல் பரிசு பெற்றதையும், இரை இருக்கும் இடத்தைத் தேனீ தன் கூட்டத்துக்குத் தெரிவிக்கும் நடனத்தையும் மனப்பாடமாக எழுதிவிட்டு, ஓர் உயிரினத்தைக்கூட அரை மணி நேரம் தொடர்ந்து கவனிக்காமலேயே ஒரு மாணவர் பட்டம் பெற்றுவிட முடிகிறது.

விலங்குகளை அறுக்கும் செய்முறையை நிறுத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் அறிவித்தது சரியான முடிவு. அந்த நேரத்தைப் படங்களுக்கும் கணினியில் செய்துகாட்டும் மாதிரிகளுக்கும் கொடுத்துவிட்டு, உயிருள்ள விலங்கை மறந்ததுதான் என் குறை.

வளாகத்துத் தவிட்டுக்குருவிக் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை சருகைக் கிளறி இரை தேடும்போது ஒன்று மட்டும் மேலே கிளையில் அமர்ந்து காவல் பார்க்கும். இதைக் குறிக்கச் சொன்னால் புதிய மாணவர் சண்டையையும் கூச்சலையும் மட்டுமே எழுதுவார்; சும்மா இருக்கும் பறவை அவர் கண்ணில் படாது. “கோபமாக இருந்தது” என்று வேறு எழுதுவார். இறகைச் சிலிர்த்ததா, அலகால் கொத்தியதா என்று கேட்டால் விடை வராது. பரபரப்பான செயல்களே கண்ணை இழுப்பதால் பதிவு ஒருபக்கமாகச் சாய்வதைத் தவிர்க்க, ஒரே விலங்கைக் குறித்த நேரம் முழுதும் பின்தொடர்வது போன்ற முறைகளை விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974இல் விளக்கினார். அவற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்பிக்க இயலாது. அது நீச்சலைக் கரையில் நின்று கற்பிப்பதற்கு ஒப்பாகும்.

நம் மண்ணில் இதற்கு முன்னோடிகளும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடன் பணியாற்றியவர்களும், இருண்ட குகைக்குள் அடைத்துவைக்கப்பட்ட வௌவால், வெளியே பறந்து திரும்பும் தன் இனத்தவற்றின் போக்கைக் கொண்டே தன் நாளொழுங்கை, அதாவது பறக்கும், ஓய்வெடுக்கும் நேரங்களை, சரிசெய்துகொள்வதை 1981இல் வெளியிட்டனர்.

ஆகவே, ஒரு பருவத்தின் செய்முறை நேரத்தில் ஒரு பகுதியையாவது வளாகத்துக்குள், எதையும் பிடிக்காமல் தொடாமல் செய்யும் கவனிப்புக்கு ஒதுக்கி, களக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் வழங்க வேண்டுகிறேன். ஒரு கடிகாரமும் நோட்டும் போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது. வகுப்பறையில் உட்கார்ந்தே இட்டுக்கட்டி எழுதிவிடுவார்களே என்ற ஐயம் உங்களுக்கு எழலாம், அது நியாயமானதே. புறத்தேர்வாளர் குறிப்பேட்டைத் திறந்து, “இந்தப் பத்து நிமிடம் பறவை ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது அப்போது எங்கே இருந்தது?” என்று நேரில் கேட்கும் வாய்மொழித் தேர்வையும் விதிமுறையில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்