தேய்ந்தது உங்கள் பாகம், என் கைமேல் பழி போடாதீர்கள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு (இந்தியா)

பொருள்: கேம் கன்சோலுடன் வந்த கன்ட்ரோலரில் மீண்டும் மீண்டும் ஸ்டிக் டிரிஃப்ட் (கட்டைவிரலால் தள்ளுகிற ஸ்டிக் கை வைக்காமலே ஒரு பக்கம் இழுப்பது), "தவறான பயன்பாடு" என்று காரணம் காட்டி இலவச சர்வீஸ் மறுக்கப்பட்டது பற்றி

வணக்கம்.

உங்கள் சர்வீஸ் சென்டரில் பழுது விவரம் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட்டில் என் கன்ட்ரோலரின் பழுதுக்குக் காரணம் "வாடிக்கையாளரின் தவறான பயன்பாடு" என்று எழுதியிருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. அந்த ஒரு வரியை நீக்கி, சரியான காரணத்தை எழுதி, அதற்கான பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிப் பார்த்தாயிற்று, சாட்டில் சொல்லிப் பார்த்தாயிற்று, இனி எழுத்தில் இருக்கட்டும்.

போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளிக்குத் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஷோரூமில் கன்சோலை வாங்கினேன். ஐம்பதாயிரத்துக்கு மேல் விலை, மாதத் தவணையில் எடுத்தது. தம்பி சென்னையில் வேலை பார்க்கிறான், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் ஆன்லைனில் ஒரு மணி நேரம் ஃபுட்பால் ஆடுவோம், ஞாயிற்றுக்கிழமை என்றால் கொஞ்சம் கூடுதலாக. இதைவிடக் குறைவாக ஆடுவதற்கு யாரும் கன்சோல் வாங்குவதில்லை. கன்ட்ரோலர் ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை, தண்ணீர் பட்டதில்லை, ஆடி முடித்ததும் டிவி அலமாரிக்குள்தான் போகும்.

வருடம் முடிவதற்குள் இடது ஸ்டிக் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. முதலில் மெனுவில்தான் தெரிந்தது. ஸ்டிக்கில் கையே வைக்காதபோது தேர்வு தானாக ஒவ்வொரு கட்டமாக இடது பக்கம் நகர்ந்துகொண்டே போகும். அப்புறம் ஆட்டத்திலேயே வந்துவிட்டது. பெனால்டி அடிக்கக் குறி வைத்தால் குறி மெல்ல இடது கம்பத்தைத் தாண்டி வெளியே போகும். துப்பாக்கிச் சண்டை ஆட்டம் என்றால் இன்னும் மோசம், சுவருக்குப் பின்னால் மறைந்து நிற்கிற ஆள் நான் ஒன்றும் செய்யாமலே சுவரை விட்டு வெளியே நடந்துபோய்ச் சுடப்பட்டு விழுவான். வாரண்டிக்குள் இருந்ததால் கூரியரில் அனுப்பினேன், நீங்களும் மாற்றிக் கொடுத்தீர்கள். ஆனால் வந்தது புதியது அல்ல, சரிசெய்து விற்பனைக்கு வைக்கும் பழைய கன்ட்ரோலர், பாலித்தீன் உறையில், 90 நாள் வாரண்டியுடன். எதற்கு 90 நாள்? ஒரு வருட வாரண்டி கொடுத்து விற்ற பொருளுக்குப் பதிலாகக் கொடுத்ததுதானே அது? அந்த 90 நாள் கடந்து கொஞ்ச காலத்திலேயே அதே இடது ஸ்டிக், அதே பக்கம் இழுக்க ஆரம்பித்தது. இரண்டாவது முறை அனுப்பியபோதுதான் "தவறான பயன்பாடு" என்ற பதில் வந்தது, கூடவே புதிய கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு லிங்க்கும்.

உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் முன்னால் இருக்கிற ஸ்கிரீனில் இருப்பதைத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் அந்த ஸ்கிரீனில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். கன்ட்ரோலரை ரீசெட் செய்யுங்கள், சாஃப்ட்வேரை அப்டேட் செய்யுங்கள், ஸ்டிக்கைச் சுற்றிக் காற்று அடித்து தூசியை எடுங்கள், ஆட்டத்தின் செட்டிங்கில் டெட் ஜோனை அதிகமாக்குங்கள். எல்லாம் செய்தேன். ரீசெட் செய்தால் அன்று ராத்திரி சரியாக இருக்கும், மறுநாள் பழையபடி. டெட் ஜோனை அதிகமாக்குவது பழுதை மறைப்பதுதான், சரிசெய்வது அல்ல. ஸ்டிக்கின் நடுவைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் நடக்கிற சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாதே என்று கன்சோலுக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான். டிரிஃப்ட் கூடக் கூட அந்த வட்டத்தையும் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, கடைசியில் மெதுவாக நடப்பது, நுணுக்கமாகக் குறி வைப்பது எல்லாம் போய், ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. அனலாக் ஸ்டிக் என்று காசு வாங்கிக்கொண்டு இதைத்தானா கொடுக்கிறீர்கள்?

நீங்கள் கைவிட்ட பிறகு, அதற்கு முன்னால் அல்ல, பாளையங்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற ஓர் அண்ணனிடம் கன்ட்ரோலரைக் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்ததும் அவர் முதலில் காட்டியது, ஈரம் பட்டதற்கான கறையோ துருவோ போர்டில் எங்கேயும் இல்லை என்பதை. அடி பட்ட விரிசலும் இல்லை. அப்புறம் ஸ்டிக் பாகத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற சின்ன பச்சைப் பெட்டி போன்ற மூடியை நெம்பி எடுத்து, லென்சுக்குக் கீழே வைத்துக் காட்டினார். உள்ளே கறுப்பாகப் பூசிய கார்பன் தடம், அதன்மேல் உரசிக்கொண்டு நகர்கிற மெல்லிய உலோக விரல். ஸ்டிக்கை எவ்வளவு தூரம் தள்ளினோம் என்பதை அந்த விரல் தடத்தின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் கன்சோல் தெரிந்துகொள்கிறது. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற குமிழுக்குள் இருப்பதும் இதேதான், நாளாக ஆகக் கரகரவென்று சத்தம் வருமே, அதே கதை. என் கன்ட்ரோலரில் தடத்தின் நடுப்பகுதி, அதாவது ஸ்டிக் ஓய்வாக நிற்கிற இடம், மற்ற இடங்களைவிட வெளிறிப்போய் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. சுற்றிலும் கரித்தூள். ஸ்டிக் நடுவில்தான் நிற்கிறது, ஆனால் தேய்ந்த இடத்தில் மின்தடை மாறிவிட்டதால் கன்சோலுக்கு அது யாரோ லேசாக இடப்பக்கம் தள்ளுவது மாதிரிப் போய்ச் சேருகிறது.

இது தவறான பயன்பாடு இல்லை. பயன்பாடு. ஸ்டிக்கை அசைத்தால் அந்த உலோக விரல் உரசும், உரசினால் கார்பன் தேயும், தேய்ந்தால் டிரிஃப்ட் வரும். இதற்கு வாடிக்கையாளர் செய்யக்கூடிய ஒரே தடுப்பு ஆடாமல் இருப்பதுதான். அந்தப் பாகம் மட்டும் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, பேட்டரி மாற்றுவது மாதிரி மாற்றிக்கொண்டு போகலாம். அதையும் 14 கால்களோடு போர்டில் சால்டர் செய்து வைத்திருக்கிறீர்கள். சில நூறு ரூபாய்கூடப் பெறாத பாகம் தேய்ந்ததற்கு ஆயிரக்கணக்கில் போட்டு முழு கன்ட்ரோலரை வாங்கு என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது பழுதானதற்காக அல்ல, இந்தக் கணக்கு உங்களுக்கு லாபமாக இருக்கிறதே, அதற்காகத்தான்.

வேறு வழி இல்லாமல் இந்தப் பாகத்தைப் போட்டிருந்தால் நானும் புரிந்துகொண்டிருப்பேன். ஆனால் வழி இருக்கிறது, பல காலமாக இருக்கிறது. 1998-இல் வந்த சேகா கம்பெனியின் டிரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரில் காந்தமும் ஹால் சென்சாரும்தான் இருந்தன. காந்தம் நகர்வதை சென்சார் தொடாமலே உணர்கிறது, உரசல் கிடையாது, அதனால் தேய்வதற்குக் கார்பன் தடமே கிடையாது. இன்று சின்ன கம்பெனிகள்கூட ஹால் சென்சார் ஸ்டிக் போட்ட கன்ட்ரோலர்களை உங்கள் கன்ட்ரோலரைவிடக் குறைந்த விலையில் விற்கின்றன. அவர்களால் முடிகிறது, உங்களால் முடியவில்லை என்றால் நம்பச் சொல்கிறீர்களா?

இந்தப் பழுது உங்களுக்குப் புதிதாக இருக்கவும் வாய்ப்பில்லை. டிரிஃப்ட் பிரச்சினைக்காக அமெரிக்காவில் 2019-இல் நிண்டெண்டோ மீதும், 2020-இல் மைக்ரோசாஃப்ட் மீதும், 2021-இல் சோனி மீதும் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். நிண்டெண்டோவின் தலைவரே 2020 ஜூனில் பங்குதாரர் கூட்டத்தில் ஜாய்-கான் (அவர்களுடைய ஸ்விட்ச் கன்சோலின் கன்ட்ரோலர்) விஷயத்தில் வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்தார், 2023-இல் ஐரோப்பாவில் வாரண்டி முடிந்த ஜாய்-கானுக்கும் டிரிஃப்ட் என்றால் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தார்கள். அதற்கும் முன்னால், எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்கள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே இணைப்புகள் விட்டுப்போய் மூன்று சிவப்பு விளக்கோடு செத்துக்கொண்டிருந்த காலத்தில், 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டியது, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அதே பழுதுக்கு ஏற்கெனவே காசு கொடுத்துச் சரிசெய்தவர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. வாடிக்கையாளர்கள் கன்சோலைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வாடிக்கையாளர்கள் நன்றாகக் கத்திய பிறகுதான் நடந்தது என்றாலும், நடந்தது. இதே தொழிலில் இருக்கிற நீங்கள் இந்த முன்னுதாரணங்கள் எதுவும் இல்லாத மாதிரி, பழுது என் வீட்டில் மட்டும் முளைத்த மாதிரிப் பேசுவது நியாயமே இல்லை. ஐரோப்பாவில் வாங்கினவனுக்குச் சட்டப்படி இரண்டு வருட உத்தரவாதம் இருக்கிறது, திருநெல்வேலியில் வாங்கினவனுக்கு 90 நாள் போதும் என்று யார் முடிவு செய்தது? இங்கேயும் அதே பொருள்தான், விலையும் குறைவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென் மாவட்டங்களில் உங்களுக்கு ஒரு சர்வீஸ் சென்டர்கூட இல்லை. விற்பதற்கு ஊருக்கு ஊர் ஷோரூம் இருக்கிறது, சரிசெய்ய வேண்டுமென்றால் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும், அதுவும் போகிற கூரியர் செலவு என்னுடையது. போனில் தமிழில் பேச ஆள் கேட்டால் இந்தியில் பேசவா, இங்கிலீஷில் பேசவா என்று கேட்கிறார்கள், இரண்டில் ஒன்றுதான். நான் சமாளித்துக்கொண்டேன். என் அம்மா மாதிரி ஒருவர் பேரனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் முதல் போனிலேயே விட்டிருப்பார், நீங்களும் புகார் தீர்ந்தது என்று கணக்கில் எழுதியிருப்பீர்கள்.

சரி, எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஜாப் ஷீட்டில் இருக்கிற "தவறான பயன்பாடு" என்பதை நீக்கித் திருத்திய ஜாப் ஷீட் வேண்டும். அந்த முடிவுக்கு உங்கள் டெக்னீஷியன் எதைப் பார்த்து வந்தார் என்பதற்குப் படமோ அறிக்கையோ இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். பழுதான கன்ட்ரோலருக்குப் பதிலாகப் புதிய கன்ட்ரோலர் வேண்டும், சரிசெய்த பழையது வேண்டாம், அதற்கு முழு ஒரு வருட வாரண்டி வேண்டும், 90 நாள் அல்ல. அது முடியாதென்றால் கன்ட்ரோலரின் விலையையும் இரண்டு முறை ஆன கூரியர் செலவையும் திருப்பிக் கொடுங்கள். எனக்கு மட்டும் கொடுத்து வாயை அடைக்க வேண்டாம், டிரிஃப்ட் பழுதுக்கு இந்தியாவில் விற்ற எல்லா கன்ட்ரோலருக்கும் வாரண்டியை நீட்டி அறிவியுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன், அங்கே தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வழக்கு என் ஊரிலேயே போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு நான் வர வேண்டியதில்லை, இந்தத் தொகைக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. பொருளின் தரத்தில் இருக்கிற குறையும் சேவைக் குறைபாடும் அந்தச் சட்டத்தில் தனித்தனியாக இருக்கின்றன, என் விஷயத்தில் இரண்டுமே உண்டு. கழற்றிய ஸ்டிக் பாகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஆணையம் கேட்டால் அங்கேயே காட்டுவேன்.

பில், தவணைக் கணக்கு, இரண்டு ஜாப் ஷீட், கூரியர் ரசீதுகள், தேய்ந்த கார்பன் தடத்தின் படங்கள், மெனு தானாக நகர்கிற வீடியோ எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். புகார் எண் மெயிலின் தலைப்பில் இருக்கிறது. பதிலை மெயிலிலேயே அனுப்புங்கள். போன் செய்வதானால் மாலை ஆறு மணிக்கு மேல், தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி