ரிஜெக்ட் தண்ணி எங்க போகும், மாப்ள?

பூளவாடி
ஆடி 20

அன்புள்ள மாப்ள செல்வராசுக்கு,

உன் கடுதாசி செவ்வாக்கெழமையே வந்துருச்சு. பதில் போட இத்தனை நாள் ஆனதுக்குக் காத்துதான் காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஆடி பொறந்ததுல இருந்து ராப்பகலா ஓயல. நான் வேலையை உட்டு மூணு வருசம் ஆச்சு. ஆனாலும் கரண்ட் எடுக்கற காத்தாடியைப் பாத்துக்கற பசங்க ஒரு பழுதுன்னா இன்னும் என்னையத்தான் கூப்புடறாங்க. நேத்தும் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் சாளைக்குத் திரும்புனேன்.

பையன் விசயத்துக்கு வர்றேன். கடலுக்குள்ள காத்தாடி நட்டு ஹைட்ரஜன் எடுக்கற வேலைக்குப் போகலாமான்னு கேட்டிருக்க. முப்பது வருசம் காத்தாடியோட கெடந்தவன் நீ, நெசத்தைச் சொல்லுன்னும் எழுதியிருக்க.

பாலிடெக்னிக்ல மொத வருசம் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்குதா? தண்ணிக்குள்ள ரெண்டு கம்பியை உட்டு கரண்ட் குடுத்தோம். குழாய் வாயில நெருப்புக்குச்சியைக் காட்டுனதும் 'பொப்'னு சத்தம் வந்துச்சே, அதேதான் இது. தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கற அந்த ஏற்பாட்டைத்தான் எலக்ட்ரோலைசர்னு பெருசா செஞ்சு வெச்சிருக்காங்க. கரண்ட் காத்துல இருந்தோ வெயில்ல இருந்தோ வந்தா பச்சை ஹைட்ரஜன்.

இதுல எனக்கு ஆசை வந்ததுக்குக் காரணம் வேற. சீசன் உச்சத்துல, காத்து வெறி புடிச்சு அடிக்கறப்பத்தான், மெஷினை நிறுத்தச் சொல்லிப் போன் வரும். லைன் தாங்காதாம். பிரேக் போட்டதும் ரெக்கை மெதுவா ஓஞ்சு நிக்கும். கீழ நின்னு அண்ணாந்து பாத்தா, களத்துல காயற கடலைக்காயை அள்ளாம மழைக்கு உட்ட மாதிரி வவுறு எரியும். அந்தக் காத்தை வாயுவாக்கிச் சேத்து வெச்சா ஒரு பொழுதும் வீணாப் போகாது பாரு. கரையில இருந்து நெம்ப தூரம் போயிட்டா கேபிளும் கடலுக்குள்ள சப்ஸ்டேஷனும் காசைத் தின்னுரும். அதனால அங்கயே வாயுவாக்கிக் குழாய்ல அனுப்பறது மேல்னு சொல்றாங்க.

பிரான்ஸ்ல செஞ்சே பாத்துட்டாங்க. சீல்ஹைஃப்னு ஒரு மெதவை. லெ குரோசிக் ஊர்க் கரையில இருந்து 20 கிலோமீட்டர் தள்ளிக் கடல்ல நிறுத்தி, பக்கத்துல மெதக்கற காத்தாடியோட கரண்ட்ல 2023 ஜூன்ல ஹைட்ரஜன் எடுத்தாங்க. ஒரு மெகாவாட் எலக்ட்ரோலைசர், நாளைக்கு 400 கிலோ வரைக்கும் எடுக்கலாம். கணக்கு போட்டுப் பாரு. ஒரு மெகாவாட் ஒரு நாள் முழுக்க ஓடுனா 24,000 யூனிட். அப்ப கிலோவுக்கு 60 யூனிட். அந்த ஒரு கிலோவுக்குள்ள இருக்கற சக்தி 33 யூனிட்டுதான். பாதிக்குப் பாதி போயிருது. அதனால கரண்டாவே ஓடற வேலைக்கு ஹைட்ரஜனைக் கொண்டுட்டுப் போறது எனக்குச் சம்மதமில்ல. உரத்துக்கு அம்மோனியா வேணும், தாதுல இருந்து இரும்பைப் பிரிச்செடுக்கணும், கப்பல் ஓட்டணும்னா சரி. அங்கெல்லாம் கரண்டை நேரா குடுத்து ஆகாது.

உங்க தூத்துக்குடித் துறைமுகத்துலயே 2025 செப்டம்பர்ல மணிக்கு 10 கன மீட்டர் எடுக்கற சின்ன ஆலையைத் தொறந்தாங்க, நீயும் பாத்திருப்ப. மணிக்கு ஒரு கிலோகூட வராது, ஆனா அது கரையில இருக்குது. கடல் காத்தாடிக்குன்னு 2024 ஜூன்ல மத்திய அரசு 7,453 கோடி ஒதுக்குச்சு. அதுல குஜராத்துக்கு 500 மெகாவாட், நமக்கு 500 மெகாவாட்.

இனிமேதான் என் மனசுல இருக்கறது. எலக்ட்ரோலைசருக்குக் கடல் தண்ணி ஆகாது, நல்ல தண்ணி வேணும். ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர்னு வெச்சுக்க. ஆர்.ஓ. போட்டு எடுக்க அரைக்கால் யூனிட்கூட ஆகாது, செலவு ஒரு பொருட்டே இல்ல. ஆனா கடல் தண்ணில பாதிக்கும் கம்மியாத்தான் நல்ல தண்ணி வரும். மிச்சம் பதினஞ்சு லிட்டர், ஒன்றரை மடங்குக்கு மேல உப்போட ரிஜெக்ட். வருசம் பத்தாயிரம் டன் ஹைட்ரஜன் எடுத்தா ரிஜெக்ட் மட்டும் பதினஞ்சு கோடி லிட்டர்.

ரிஜெக்ட்னா என்னன்னு, திருப்பூர்ச் சாயத்தண்ணி ஓடுன நொய்யல் ஆத்து ஓரத்துக்காரங்களைக் கேக்கணும். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ எங்க அக்கா தோட்டம் இருந்துச்சு. ஒரு நாள் கெணத்துத் தண்ணியைத் தொட்டில ஊத்துனோம். மாடு வாயை வெச்சுது, மூக்கை உறிஞ்சுச்சு, தலையைத் திருப்பிக்கிச்சு. அக்கா அந்தத் தொட்டியோரமே உக்காந்து அழுதா. 2011 ஜனவரில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் சொன்னப்பொறவுதான் ஒரு சொட்டுகூட வெளிய உடாத ஏற்பாடு நெசமா ஊனுச்சு. இப்பவும் பிரிச்செடுத்த கலப்பு உப்பை மூட்டை கட்டி ஷெட்டுல அடுக்கித்தான் வெச்சிருக்காங்க, வாங்க ஆளில்ல.

கடல் ரிஜெக்ட் சாயத்தண்ணி அளவுக்கு மோசமில்ல, கடல் உப்பு கடலுக்கே போகுது. ஆனா அது கனமான தண்ணி, அடியில போய்ப் படியும். மன்னார் வளைகுடா அடியில பவளமும் கடல்புல்லும் இருக்குது, அந்தப் புல்லைத் தின்னுதான் கடல்பசு பொழைக்குது. 21 தீவையும் சேத்து 1986லயே தேசியப் பூங்கா ஆக்குனது அதுக்குத்தான். அதனால நம்ம பக்கத்துல கரண்டை மட்டும் கேபிள்ல கரைக்குக் கொண்டாந்து, ஹைட்ரஜனைத் தரையில எடுக்கறதே நல்லதுன்னு எனக்குப் படுது. கரையோரக் கடலுக்கு அவ்வளவு தூரக் குழாய் எதுக்கு?

பையன் போகட்டும், மாப்ள. நல்ல வேலை. ஆனா நல்லா காத்தடிக்கற மாசந்தான் வருமானம், அதே மாசந்தான் போட்டுல போய் ஏற முடியாது. மேல ஏறிப் பழுது பாக்கறவனுக்கு அது தெரிஞ்சிருக்கணும். இன்டர்வியூவுல சம்பளத்தைக் கேக்கறதுக்கு முன்னால, ரிஜெக்ட் குழாய் எங்க போய் முடியுது, எத்தனை ஆழத்துலன்னு கேக்கச் சொல்லு. படத்தைக் காட்டி வெவரமாச் சொன்னா சேரட்டும்.

ஆவணில ஒறம்பரைக எல்லாம் வர்றாங்க. நீயும் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு வா, பையனையும் கூட்டியா. காத்து அடங்கறதுக்குள்ள வந்தா அவனை ஒரு காத்தாடி மேல ஏத்திக் காட்டறேன்.

இப்படிக்கு,
உன் மாப்ள
பழனிச்சாமி