சாக்குப் பையில் பதினொரு துண்டுகள்

அன்புள்ள நண்பா,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பொன்மலை வெயிலில் இப்போதைக்கு வெளியே அலையாதே. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் கோர்ட்டு.

வியாசர்பாடி கேபிள் திருட்டு நினைவிருக்கிறதா? விடிகாலை நாலு மணிக்கு நீதான் ரயில்வே கண்ட்ரோல் அறையில் இருந்து என்னை எழுப்பினாய். சிக்னல் சிவப்பிலேயே நிற்கிறது, வண்டிகள் வரிசையாகக் காத்துக் கிடக்கின்றன என்றாய். அந்த வழக்குதான். போன வருஷம் ஒரு தடவை சாட்சி சொன்னேன், போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் கூப்பிட்டார்கள். போலீஸ் குற்றப்பத்திரிகை போட்ட வழக்கென்றால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். இது ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) தானே விசாரித்து மாஜிஸ்திரேட்டிடம் புகாராகக் கொடுக்கிற வழக்கு. அதனால் குற்றச்சாட்டு வனையும் முன்பு ஒரு சாட்சியம், வனைந்த பிறகு குறுக்கு விசாரணைக்கு இன்னொரு நடை.

அரக்கு முத்திரையை உடைத்துச் சாக்குப் பையைப் பிரித்தார்கள். பதினொரு துண்டுகள். எட்டில் மேலுறையை எரித்துவிட்டார்கள், வெறும் செம்பு. இத்தனை நாளுக்கு அப்புறமும் அந்தக் கருகிய வாடை போகவில்லை. மூன்றில்தான் கறுப்பு உறை மிச்சம். "செம்பில் ரயில்வே என்று எழுதியிருக்கிறதா?" என்றார் அந்தக் கேபிளை வாங்கிய காயலான் கடைக்காரரின் வக்கீல். இல்லை என்றேன். உறை இருந்த துண்டைக் கையில் வாங்கி, அறுத்த முனையில் கோர்களை, அதாவது உள்ளே இருக்கும் தனித்தனிக் கம்பிகளை, ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன். பன்னிரண்டு, எல்லாம் 1.5 சதுர மில்லிமீட்டர். அன்று தண்டவாளத்து ஓரம் நான் பார்த்த அறுந்த முனையும் இதுவேதான் என்றேன்.

வழக்கில் முதல் எதிரி, அதாவது முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவன், ஒரு பையன். கேபிளை அறுத்தவன் அவன்தான், தண்டனை வரட்டும். ஆனால் இரண்டாம் எதிரியான காயலான் கடைக்காரர் தப்பிவிடக் கூடாது என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. எடைக்குக் காசு கொடுக்க ஒரு கை இல்லாவிட்டால் எந்தப் பையனும் இருட்டில் தண்டவாளத்துக்கு வரமாட்டான். 1966 சட்டத்தின் பெயரே சட்டவிரோதமாக ரயில்வே சொத்தை வைத்திருத்தல் பற்றியது. திருட்டு என்ற சொல்லை அதன் 3ஆம் பிரிவில் 2012 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். சந்தேகப்படும்படியான ரயில்வே பொருள் ஒருவர் கையில் அகப்பட்டால், அது நியாயமாக வந்தது என்று அவர்தான் காட்ட வேண்டும். முதல் குற்றத்துக்கே ஐந்து வருஷம் வரை சிறை. தக்க காரணம் எழுதாமல் ஒரு வருஷத்துக்குக் கீழே குறைக்க முடியாது.

கடைக்காரர் ரயில்வே ஏலத்தில் எடுத்த பில்லை நீட்டினார். உண்மையான பில்தான். நானும் வாங்கி வரிவரியாகப் படித்தேன். பழைய இரும்பு, பிரேக் கட்டை, அவ்வளவுதான். கேபிள் என்ற சொல்லே இல்லை. அதைச் சொன்னபோது மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த வாய்தாவுக்கு சிக்னல் பழுதான நேரத்தைச் சொல்ல உனக்கும் சம்மன் வரலாம். வந்தால் லாட்ஜ் எல்லாம் வேண்டாம், இங்கே வந்துவிடு. கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன், படி ஏற வேண்டியதில்லை. அன்றைய டைரி உன்னிடம் இருந்தால் மறக்காமல் எடுத்து வா.

உன் தோழன்