ரீமேக் எடுங்கள், மூலப்படத்தையும் காப்பாற்றுங்கள்

பழைய தமிழ்ப் படங்களின் உரிமையை வைத்திருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும்,

வணக்கம். ரீமேக் உரிமையை விற்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. நாம் கொண்டாடும் பழைய படங்களிலேயே பல ரீமேக்தான். 1981-ல் வந்த 'தில்லுமுல்லு'வுக்கு மூலம் 1979-ன் இந்திப் படமான 'கோல்மால்'. ஆனால் 'அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்' என்ற கதாநாயகனின் பெயர் இந்தியிலிருந்து வந்ததில்லை. கே. பாலசந்தரும் வசனம் எழுதிய விசுவும் கதையை வாங்கினார்கள், ஆட்களை இங்கேயே பிடித்தார்கள்.

'பில்லா'வும் அப்படித்தான். அமிதாப்பின் 'டான்' (1978) இங்கே 1980-ல் ரஜினி படமாயிற்று. 2007-ல் விஷ்ணுவர்தன் அதை அஜித்தை வைத்து மறுபடி எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். நிழலுலகத் தலைவன் பில்லாவாகவும், அவனைப் போலவே முகம் கொண்ட ராஜப்பாவாகவும் ரஜினி இரட்டை வேடம் போட்டார். பழைய படத்தின் உயிர் ராஜப்பாவிடம் இருக்கிறது. வெற்றிலை மென்றுகொண்டு ஆடிப்பாடித் திரியும் அந்த ஆள், கோட் சூட்டுக்குள் நுழைந்து பில்லாவாக நடிக்க வேண்டும். ஒரே முகம்தான்; நடையும் கையசைப்பும் பேச்சும் மட்டும் ஆளை மாற்றுகின்றன. ஸ்டைல் ஸ்டைல் என்று சொல்லியே அந்த நடிப்பை நாம் சரியாகக் கவனிக்காமல் விட்டோம் என்பேன்.

புதிய படம் வேறு வழியில் போனது. மலேசியா, கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, குறைந்த பேச்சு, நீரவ் ஷாவின் ஒளிப்பதிவு. ராஜப்பாவின் இடத்தில் வந்த வேலுவுக்கு அந்த அளவு இடமில்லை. தேங்காய் சீனிவாசன் செய்த ஜேஜே பாத்திரமே இல்லை. குழந்தைகளைப் பிரிந்து தவிக்கும் அந்த அப்பா போனதில் கதையின் ஈரமும் கொஞ்சம் போய்விட்டது. ஆனாலும் அந்தப் படத்துக்குத் தான் எப்படித் தெரிய வேண்டும் என்ற தெளிவு இருந்தது. புதியதற்கு இசையமைத்த யுவன், பழையதற்கு இசையமைத்த எம்.எஸ்.வி.யின் மெட்டைத் தொட்டபோதும் அது புதுப் படத்தின் பாட்டாகவே ஒலித்தது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். அதற்காகப் புதியதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இந்த ஒப்பீட்டை இன்றைய இளைஞர் ஒருவர் செய்ய வேண்டுமானால் அவருக்கு எந்தப் பிரதி கிடைக்கும்? பில்லா மாதிரிப் பெரிய படங்களுக்காவது ஏதோ ஒன்று கிடைத்துவிடும். மற்ற பல படங்களுக்கு, நிறம் வெளுத்து முகமெல்லாம் சிவப்பேறிய பிரதிதான். பாட்டு நடுவில் துண்டாகும், மூலையில் சேனல் முத்திரை நிற்கும். அதைப் பார்த்துவிட்டு 'பழைய படம் போர்' என்று அவர் சொன்னால் கோபப்பட எனக்கு மனமில்லை. படத்தை அவர் இன்னும் பார்க்கவேயில்லை.

நல்ல பிரதி கொடுத்தால் கூட்டம் வருமா என்று கேட்பீர்கள். 1964-ன் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் திரைக்கு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. அதே ஆண்டில் 'முரட்டுக்காளை'யின் ரீமேக்கும் வந்தது. வந்த சுவடு தெரியவில்லை.

ஆகவே ரீமேக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே ஒரு விதியைச் சேர்த்துவிடுங்கள். வரும் பணத்தில் ஒரு பகுதி மூலப்படத்தின் நெகட்டிவை, அதாவது பிரதிகள் எடுக்க ஆதாரமான படச்சுருளைத் தேடி எடுத்து, சுத்தம் செய்து, ஸ்கேன் செய்யப் போகட்டும். நெகட்டிவ் கெட்டுப்போயிருந்தால், இருக்கிற பிரிண்ட்களில் நல்லதைத் தேர்ந்தெடுங்கள். அகலத் திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்ட வேண்டாம். ஒலியைத் துலக்குங்கள், ஆனால் பின்னணி இசையைப் புதிதாக வாசித்து ஒட்டாதீர்கள். அப்புறம், புதுப் படம் வெளியாகும் வாரத்திலேயே பழையதற்கும் தியேட்டரில் ஒரு காலைக் காட்சியாவது கொடுங்கள். ஓ.டி.டி.க்கு விற்கும்போது இரண்டையும் சேர்த்தே விற்கலாம்.

நெகட்டிவ் காத்திருக்காது. அடுத்த ரீமேக் பேச்சு வருகிற வரை தள்ளிப்போடாமல், உங்கள் அலமாரியிலும் லேபிலும் என்னென்ன மிச்சமிருக்கின்றன என்று இந்த மாதமே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
இரண்டு பில்லாவையும் பார்த்த ஒரு ரசிகன்