நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

விடுமுறை வந்தால் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்க்கச் சந்தோசம்தான், ஆனால் போகிற ஆட்கள் அங்கே செய்கிற வேலைகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. தீவின் வேலிகள் சாந்து பூசாமல் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை, செல்ஃபிக்காக ஒருவர் ஏறி நின்றாலே நாலு கல் கழன்று விழுகிறது, எடுத்து வைக்க ஒருவரும் இல்லை. ஒல்லாந்தர் கோட்டைச் சுவரில் பெயர் கீறுவது வேறு. கரையில் காயப்போட்ட வலையையும் மிதித்துக்கொண்டே நடக்கிறார்கள். அறுந்த வலைக்கண்ணை உட்கார்ந்து பொத்துவது மீனவர்தானே.

இன்னொன்று, திரும்பும்போது படகில் தீவுச் சனத்தை முதலில் ஏற்றுங்கள், அப்புறம் எங்களை ஏற்றலாம். அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் அவசரமாகப் போகிறவர்கள், நாங்கள் குதிரையும் பெருக்குமரமும் (பாவோபாப்) பார்த்துவிட்டு வருகிறவர்கள்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்