உத்தரவு போட்டால் போதாது, பணம் கைக்கு வர வேண்டும்: கோட்டாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோட்டாட்சியர்களுக்கும் சார் ஆட்சியர்களுக்கும்,

வணக்கம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் கீழ் தமிழ்நாட்டில் தீர்ப்பாயத்துக்குத் தலைமை ஏற்பவர்கள் நீங்கள். பிள்ளைகளிடமிருந்து மாதப் பராமரிப்புத் தொகை கேட்டு அங்கே கொடுக்கும் மனுக்களை எழுத முதியவர்களுக்கு உதவுகிறவர்கள் நாங்கள். உங்கள் உத்தரவுகளில் பலவற்றை வைத்துக்கொண்டு அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை.

"பிள்ளைகள் பெற்றோரை நல்லமுறையில் கவனித்துக்கொள்ள அறிவுறுத்தப்படுகிறது" என்று முடியும் உத்தரவில் வசூலிக்கத் தொகை இல்லை, தவறியதாகச் சொல்லத் தேதியும் இல்லை. அதை வைத்து, பணத்தை வசூலிக்கும் வாரண்ட் கேட்க முடியாது. "மூவரும் சேர்ந்து மாதம் 9,000 ரூபாய்" என்றாலும் சிக்கல்தான். அண்ணன் தம்பியைக் காட்டுவார், தம்பி அக்காவைக் காட்டுவார். ஆளுக்கு 3,000, ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள், அம்மாவின் வங்கிக் கணக்கில் என்று பெயர் பெயராக எழுதுங்கள். கல்யாணமான மகளும், 18 வயது நிரம்பிய பேரன் பேத்தியும் பொறுப்பாளிகளே. மருமகள், மருமகன் சட்டத்தில் இல்லை. அவர்களைச் சேர்க்க வந்த 2019 மசோதா காலாவதியாகிவிட்டது.

விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அந்த 90 நாள் மனு கொடுத்த அன்றைக்குத் தொடங்குவதில்லை, பிள்ளைக்கு நோட்டீஸ் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. "வீடு பூட்டியிருக்கிறது" என்று ஒரு தபால் திரும்பி வந்தால் நாள் கணக்கு தொடங்கவே இல்லை. மனுவைப் பதியும்போதே வீட்டு முகவரி, வேலை பார்க்கும் இடம், கைபேசி எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வேண்டுமென்றே நழுவுகிறார் என்று தெரிந்தால், அவர் இல்லாமலே விசாரித்து முடிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. முதல் விசாரணையிலேயே இடைக்காலத் தொகை விதிக்கவும் உண்டு. இதுதான் நாங்கள் மிகவும் மன்றாடிக் கேட்பது. மாத்திரை 90 நாள் காத்திருக்காது.

தொகையை எப்படி முடிவு செய்வது? சாப்பாடு, துணி, இருப்பிடம், மருத்துவக் கவனிப்பு, சிகிச்சை எல்லாம் பராமரிப்புக்குள் வரும். பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 3 டயப்பர் என்றால் மாதம் 90. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவிலும் ஆள் வேண்டும். பிசியோதெரபி தனி. மனுவில் "மருத்துவச் செலவு" என்று ஒற்றை வரி இருந்தால் இவையெல்லாம் கண்ணில் படாமலே போகும். செலவுப் பட்டியலை வரி வரியாகக் கேளுங்கள், ரசீதுகளோடு.

அப்படிக் கூட்டினால் தொகை சட்டத்தின் உச்சவரம்பான மாதம் 10,000 ரூபாயைத் தாண்டிவிடும். அங்கே முதியவருக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவில், நீதிமன்றத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத தாயோ தந்தையோ கோரும் ஜீவனாம்சத்துக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. ஆனால் இரண்டு வழியில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். உங்களிடம் செலவு குறைவு, வேகம் அதிகம். நீதிமன்றத்தில் தொகை கூடலாம், நாளும் கூடலாம். மனுவைப் பதிவதற்கு முன்பே இதை விளக்க ஒருவரை அலுவலகத்தில் உட்கார வையுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் பராமரிப்பு அலுவலர் என்பதால் அவர் மூலமாகவே செய்யலாம்.

பிள்ளைக்குச் சொத்தை எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தை ரத்து செய்யும், 2007 சட்டத்தின் 23-ம் பிரிவுக் கோரிக்கையும் கூடவே வந்தால் விசாரணைக் கூடம் முழுக்கச் சொத்துப் பேச்சுதான். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்ததா, இல்லையா என்ற வாதம் மாதக்கணக்கில் போகும். சாப்பாட்டுப் பணம் மறந்துபோகும். இரண்டையும் பிரித்து, இடைக்காலத் தொகையை முதலில் முடித்துவிடுங்கள்.

கடைசியாக, உத்தரவின் நகல். அதை இலவசமாகத் தரச் சட்டம் சொல்கிறது. உத்தரவிட்ட அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். பணம் வராவிட்டால் அது சேர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு கொடுத்தால்தான் வாரண்ட் பிறப்பிக்க முடியும். "அடுத்த மாசம் போட்டுடறேன்மா" என்ற பேச்சை நம்பி நான்காவது மாதம் வருகிறவர்கள் முதல் மாதப் பணத்தை வசூலிக்கும் வழியை இழக்கிறார்கள். எந்தத் தேதிக்குள் மீண்டும் வர வேண்டும் என்பதை அந்த நகலின் கடைசி வரியில், பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
பராமரிப்பு மனு எழுத உதவும் தன்னார்வலர்கள்