நின்றுபோன புள்ளி

பாப்பா,

ஞாயிறன்று நீ அனுப்பிய ஏழு மெசேஜையும் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். சைக்கிளில் போகிற என் புள்ளி போன் மேப்பில் இலுப்பூர் தாண்டி நாற்பது நிமிடம் நகரவில்லை என்றால் நீ பயப்படாமல் என்ன செய்வாய்? ஒன்றும் ஆகவில்லை. பஞ்சர்தான். பின்சக்கரத்தில் சீமைக்கருவேல முள். அதைத் தேடிப் பிடுங்காமல் புது டியூபை மாட்டிக் காற்றடித்தேன், அதுவும் புஸ்ஸென்று போனது. அப்புறம் டயரின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தால் ஒடிந்த முனை நறுக்கென்று குத்தியது. பழைய டியூபுக்கே ஒட்டுப் போட்டுக் கிளம்பினேன்.

"அந்தப் பொட்டல் காட்டில் போய் என்னம்மா பிராக்டிஸ்?" என்று கேட்டிருந்தாய். பிஆர்எம் என்கிற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வேகத்தைவிட, வெயிலிலும் காற்றிலும் இறங்காமல் மிதிக்கிற பொறுமைதான் அதற்கு வேண்டும். விராலிமலை, இலுப்பூர், சித்தன்னவாசல், புதுக்கோட்டை, கீரனூர் என்று சுற்றித் திருச்சி திரும்பினால் ஏறக்குறைய 130 வரும்.

விராலிமலை வரை நாற்கரச் சாலை, லாரிச் சத்தம். உள்ளே திரும்பியதும் செம்மண்ணும் தைல மரக்காடும்தான். சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என்கிற குகைக்கோயிலின் விதானத்தை அண்ணாந்து பார்த்தேன். ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட தாமரைக்குளச் சித்திரம், மீனும் யானையுமாக, பூக்கொய்யும் ஆட்களோடு அழியாமல் மிச்சமிருக்கிறது. வரும் வழியில் பார்த்த கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

இலுப்பூர் டீக்கடையில் என் வயதுள்ள ஒரு அம்மா சைக்கிளின் சீட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "அறிவொளியில கத்துக்கிட்டதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம், அதேதான். ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை கலெக்டராக இருந்தபோது, 90-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. இந்த மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். உன் பெரியம்மா ஆம்பளை சைக்கிள்தான் வேண்டுமென்று அடம்பிடித்தாள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! நான் விழுந்து முட்டி பேர்த்தது கீரனூர்ப் பக்கம் ஒரு களத்துமேட்டில். இந்த வயதில் ஏன் என்று நீ கேட்கிறாய், அந்த அம்மா கேட்கவில்லை.

போகும்போது முதுகைத் தள்ளிய ஆனிக்காற்று, புதுக்கோட்டை தாண்டியதும் முகத்தில் அறைந்தது. கீரனூர் வரை மணிக்கு 13 கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் தீர்ந்துபோய், ரோட்டோரம் நுங்கு வாங்கித் தின்றேன். நாலு நுங்கு.

அடுத்த ஞாயிறு திருமயம். கோட்டை மேல் ஏறி உட்கார்ந்திருப்பேன், புள்ளி அரை மணி நேரம் நிற்கும், பதறாதே. அப்புறம், பஞ்சர் விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிடாதே. சித்திரம் பார்த்ததில் நேரமாகிவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா